உங்கள் முதல் விஸ்கி எது? – அனுபவப் பகிர்வு

மஞ்சக்குப்பம், கடலூர்:

முப்பத்திரண்டு வயது வரை நான் பீரைத் தாண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கிய புட்டி ஒன்றை மொட்டை மாடியில் திறந்து, "மாப்பிள்ளை, விஸ்கின்னா இதுதான், மத்ததெல்லாம் வெறும் தண்ணி" என்று நீட்டினார். அது ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கப்பட்டது. முதல் மிடறிலேயே, சிறு வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டபோது கம்பவுண்டர் பஞ்சில் நனைத்து வைத்த மருந்தின் நெடிதான் நினைவுக்கு வந்தது. மச்சான் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மிச்சத்தை ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிட்டு, விஸ்கி நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் ஒரு மது அருந்தகத்தில் இந்தக் கதையைச் சொன்னபோது, அங்கிருந்த ஊழியர் சிரித்துக்கொண்டே, "அண்ணே, கருவாடு சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? "உங்களுக்கு அது அமிர்தம். பழக்கமே இல்லாதவருக்கு முதல் நாளே கருவாட்டுக் குழம்பை ஊத்துனா எழுந்து ஓடிருவாரு. உங்க மச்சான் அதைத்தான் செஞ்சிருக்காரு" என்றார். முளைகட்டிய வாற்கோதுமையை உலர்த்தும்போது, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் பாதி மக்கிய தாவரக் கட்டிகளை எரித்துப் புகை ஏற்றுவார்கள் என்பதும், அந்த மருந்து வாடை புகையிலிருந்து வருவது என்பதும், எல்லா விஸ்கியிலும் அது இருக்காது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் இரண்டு குவளைகளில் முப்பது முப்பது மில்லி வைத்தார். ஒன்று, மும்முறை வடிக்கப்படும் அயர்லாந்து ஜேம்சன்; மற்றொன்று, ஸ்காட்லாந்தின் பன்னிரண்டு ஆண்டு கிளென்ஃபிடிக். பூவை முகர்வது போல மூக்கை உள்ளே நுழைக்காமல், குவளையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகரச் சொன்னார். பிறகு கரண்டியால் சில சொட்டுத் தண்ணீர் விட்டார். மூக்கைக் குத்திய காரம் தணிந்து, கிளென்ஃபிடிக்கிலிருந்து பேரிக்காய் நறுக்கிய வாசனை எழுந்ததை இன்றும் மறக்கவில்லை. தனியாகக் குடித்திருந்தால் இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் வேறுபாடு தெரிந்தது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

மஞ்சக்குப்பத்து நண்பருக்கு நல்ல ஆள் கிடைத்திருக்கிறார். நான் ஒரு சில்லறை மதுக்கடையில் நான்கு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் புட்டியின் உருவத்தையும் விலையையும் பார்த்து எடுப்பார்கள். பின்பக்கத்து எழுத்தைத் திருப்பிப் பார்ப்பவர் அரிது. நம் நாட்டில் மலிவாக விற்கும் விஸ்கிகளில் பல, கரும்பாலைக் கழிவான சர்க்கரைப்பாகிலிருந்தோ உடைந்த தானியத்திலிருந்தோ வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட், அதாவது முளைகட்டிய வாற்கோதுமையில் வடித்த விஸ்கி, கலந்தவை. அவற்றின் ஆல்கஹால் வீரியம் பெரும்பாலும் 42.8 சதவீதம். ஸ்காட்ச் என்று எழுத வேண்டுமானால் தானியத்திலிருந்து வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மலிவானதைக் குடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை, எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

வயது எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு என்று போட்டிருந்தால், அந்தக் கலவையிலேயே இளைய சரக்கு பன்னிரண்டு ஆண்டு பீப்பாயில் இருந்தது என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு குளிர்நாட்டுக்கு உரியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது என்றால், பெங்களூரில் அது 10 சதவீதத்தையும் தாண்டும். மரத்தின் சாரமும் விரைவில் இறங்கிவிடும். ஆகவே 2004ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலேயே அறிமுகமான நம் பெங்களூர் விஸ்கி அம்ருத், வயது எண் இல்லாமல் வந்தாலும் இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் 50 சதவீத வீரியமுள்ள அம்ருத் ஃப்யூஷனை முதல் புட்டியாக எடுக்காதீர்கள், அதில் புகையும் உண்டு. முதலில் கால் புட்டி, அதாவது 180 மில்லி, கிடைக்கிறதா என்று கேளுங்கள்; பிடிக்காவிட்டால் நட்டம் குறைவு.

முதுநகர், கடலூர்:

லாஸ்பேட்டை ஐயா சொன்னதைக் கேட்டு இந்தப் பக்கத்து ஆட்கள் உடனே பேருந்து ஏற வேண்டாம். வரி குறைவு என்பதற்காகப் புதுச்சேரியில் ஒரு முழுப் புட்டி வாங்கிப் பையின் அடியில் துணி சுற்றிக் கொண்டுவந்தேன். எல்லைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தச் சரக்கைத் தமிழகத்துக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பிழை முழுக்க என்னுடையதுதான். புட்டியும் போய், அரைநாளும் போய், வீட்டில் பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் மிச்சம். அங்கே வாங்கினால் அங்கேயே அமர்ந்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, வண்டியைத் தொடாமல் பேருந்தில் திரும்புங்கள். வயதிலும் கவனம் வேண்டும்: அங்கே 18 போதும், இங்கே 21 ஆக வேண்டும்.

மஞ்சக்குப்பம், கடலூர்:

மச்சான் போன மாதம் மறுபடி வந்தார், அதே ஐலா புட்டியுடன். இம்முறை நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கலந்து முப்பது மில்லி குடித்தேன். ரோஜாத் தொட்டிக்கு வேலை வைக்கவில்லை. இரண்டாவது முறை ஊற்ற வந்தபோது மட்டும் கையால் குவளையை மூடிக்கொண்டேன்.