சஸ்டெயினபிலிட்டி (நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு) பயிற்சிக் காலத்தில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்?

படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது, வேலையும் கிடைத்துவிட்டது, ஆனாலும் ஒரு கண்ணாடி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று சரிபார்க்கும் சமூகத் தணிக்கைப் பயிற்சி, ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள், ஆளுக்கு மூன்று தொழிலாளர்களிடம் பேட்டி எடுக்க வேண்டும். எனக்கு வந்த அக்கா நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னார். ஓவர்டைம் விருப்பப்பட்டால் மட்டும்தான். சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளாது. பாதுகாப்புக் கண்ணாடி தினமும் போடுகிறோம். சொல்லிக்கொண்டே நெற்றியில் ஏற்றிவைத்திருந்ததைத் தொட்டுக் காட்டினார். புதுசாக வரும்போது ஒட்டியிருக்குமே ஒரு பிளாஸ்டிக் தாள், அது அப்படியே இருந்தது, ஒரு மூலை மட்டும் பிரிந்து ஃபேன் காற்றில் படபடத்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். “எழுதிட்டீங்களா தம்பி, நான் போகலாமா?” என்றார். கதவருகே சூப்பர்வைசர். ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்டேன். அந்த பேட்ச்சில் எனக்குத்தான் அதிக மார்க்.

* * *

எனக்கு உறுத்துவது ஒரு சிலிண்டர். ஸ்கோப் 1, அதாவது நிறுவனமே நேரடியாக வெளியிடும் வாயுக்களின் கணக்குக்காக மூன்று நாள் ஜெனரேட்டர் பில், வண்டி பில் எல்லாம் தேடி எக்செல்லில் ஏற்றினேன், டீசல் லிட்டருக்குச் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெருக்கு, கூட்டு, அவ்வளவுதான் வேலை. போன வருடத்தைவிடக் குறைந்திருக்கிறது என்று ஸ்லைடும் தயார். அப்போது ஏசி மெக்கானிக் ஒருவர் தோளில் சிலிண்டரோடு எங்கள் அறையைத் தாண்டிப் போனார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். “லீக்கு சார், இந்த வருஷம் மட்டும் 12 கிலோ கேஸ் ஏத்தியாச்சு” என்றார். ஆர்-410ஏ என்ற ஏசி வாயு. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி-யின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கைக் கணக்குப்படி அதில் ஒரு கிலோ வெளியே போனால் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 12 கிலோவுக்கு 25 டன். 9,000 லிட்டருக்கு மேல் டீசல் எரித்த மாதிரி! அந்த பில் ‘பராமரிப்புச் செலவு’ ஃபைலில் இருந்ததால் என் தாளில் அந்த வரியே இல்லை. பயிற்றுநரிடம் சொன்னேன், நேரமாகிவிட்டது, அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம் என்றார். ஸ்லைடு அப்படியே போயிற்று, கைதட்டலும் கிடைத்தது.

* * *

முதல் பதிவு போட்டவருக்கு: கோபிக்காதீர்கள், சூப்பர்வைசரை நிற்கவைத்துக்கொண்டு பேட்டி எடுத்தது உங்கள் தப்பு. தனியாகப் பேசுவது இந்த வேலையில் அரிச்சுவடி. என் கதை இரண்டே வரி. இன்டர்வியூவில் ‘ஐஎஸ்ஓ 26000 சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்’ என்றேன், எதிரே இருந்த மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டார். 2010-இல் வந்த அந்தச் சமூகப் பொறுப்பு ஆவணம் வெறும் வழிகாட்டி, சான்றிதழ் தருவதற்கானது இல்லை என்று அதன் முதல் பிரிவிலேயே போட்டிருக்கிறது, நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன், கோர்ஸுக்குக் காசு கட்டும் முன் மூல ஆவணங்களைப் படியுங்கள். ஜிஹெச்ஜி புரோட்டோகால் (வாயுக் கணக்குக்கான முறை), ஜிஆர்ஐ (அறிக்கை எழுதுவதற்கான தரநிலை) எல்லாம் இலவசமாகவே கிடைக்கும். ஸ்கோப் 3, அதாவது சப்ளையர் முதல் வாடிக்கையாளர் வரை நிறுவனத்துக்கு வெளியே ஆகும் உமிழ்வு, அதன் 15 வகைகளை மனப்பாடம் செய்யாதீர்கள், ஏதாவது ஒரு பொருளை எடுத்து மூலப்பொருளிலிருந்து குப்பைக்குப் போகிற வரை நீங்களே எழுதிப் பாருங்கள், பாதி வகை தானாகப் பிடிபடும். 2023 ஜூனில் வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 அறிக்கைத் தரநிலைகள் முதலீட்டாளர் பக்கமிருந்து பேசும், ஜிஆர்ஐ நிறுவனத்தால் உலகுக்கு என்ன ஆகிறது என்று கேட்கும், இந்த வித்தியாசம் தெரியாமல் ‘மெட்டீரியாலிட்டி’ (எது முக்கியம் என்று முடிவு செய்வது) என்று வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் எக்செல். அப்புறம் கொள்முதல் பிரிவில் ஒரு வாரமாவது போய் உட்காருங்கள், பாதித் தகவல் அங்கேதான் தூங்குகிறது. கடைசியாக, லிங்க்ட்இன்னில் பச்சை இலை எமோஜி போடுவதை நிறுத்துங்கள்.

* * *

தப்பு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பயிற்சிக்கு வந்தவன் சூப்பர்வைசரை வெளியே போகச் சொல்வானா? சரி, போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம், நாம் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவோம், அந்த அக்கா மறுநாளும் அங்கேதானே நிற்க வேண்டும். 2013-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்கூடக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்களே, அங்கே இருந்த தொழிற்கூடங்களில் சில அதற்கு முன்பே சமூகத் தணிக்கையைத் தாண்டியவை. கட்டடத்தின் உறுதி அந்தத் தணிக்கைகளின் எல்லைக்குள் வரவில்லை.

எனக்கு ஒரு மஞ்சள் சீட்டு. எது முக்கியம் என்று எல்லோரும் எழுதிச் சுவரில் ஒட்டும் பயிற்சி. ‘ஒப்பந்தத் தொழிலாளர் கழிப்பறை’ என்று ஒருத்தி எழுதி மேலே ஒட்டினாள். டீ இடைவேளை முடிந்து வந்தபோது அது கீழ் மூலையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும்.

* * *

முதல் பதிவு என்னுடையதுதான். சூப்பர்வைசர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், நான் அதற்கு இவ்வளவு யோசிக்கவில்லை. அந்தப் படிவத்தின் கடைசியில் ‘பிற கவனிப்புகள்’ என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். ‘எதுவுமில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.