ஆச்சி சொல்வதும் பேரேடு சொல்வதும் ஒத்துப்போகவில்லை, கட்டுரையில் எதை எழுதுவது?

காரைக்குடி மாணவி:
எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு செட்டியார் வீடு கட்டிய கதைதான் என் கட்டுரை. வீட்டு ஆச்சியிடம் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தேன். அவர்களின் ஐயா எழுதிய பேரேடும் (வரவு செலவுக் கணக்குப் புத்தகம்) மரப்பெட்டியில் கிடைத்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்குப் பணம் கொடுத்த பற்று ‘ஈஸ்வர ௵ மாசி ௴ ௨௰௫ ௳’ என்று இருக்கிறது (௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள்). ஈஸ்வர என்றால் 1937. ஆச்சியோ, “கல்லுப் பதிச்சு மூணு மாசத்துல, முப்பத்தெட்டு வைகாசியில குடிபுகுந்தோம்” என்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இடிக்கிறதே? அந்த ௨௰௫ வேறு 2, 10, 5 என்று மூன்று எண்ணா? வழிகாட்டி ஆசிரியர், “பேட்டியெல்லாம் சான்றாகாது, அச்சில் வந்ததைக் காட்டு” என்கிறார். வரும் வாரம் கொடுக்க வேண்டும், உதவுங்கள்.

கோட்டையூர்க் கணக்கர்:
ஆச்சி சொல்வதும் சரி, பேரேடும் சரி அம்மா. ஈஸ்வர வருஷம் 1937 சித்திரையில் பிறந்தது. மாசி அதன் பதினோராவது மாதம், அதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். ௰ பத்துக்கான எழுத்து. இரு பத்து ஐந்து, 25. ஆக, 1938 மார்ச் இரண்டாம் வாரம். அங்கிருந்து வைகாசிக்கு எண்ணிப் பாருங்கள், ஆச்சி சொன்ன கணக்கு வரும்.

தொகைகளையும் திரும்பப் பாருங்கள். ௱ நூறு, ௲ ஆயிரம். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. இன்றைய காசுக் கணக்கில் கூட்டியிருந்தால் எல்லாம் தப்பாகியிருக்கும். கட்டுரையில் பேரேட்டில் உள்ளபடியே முதலில் எழுதி, ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் போடுங்கள். மாற்றியது நீங்கள் என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

தேவகோட்டை டீச்சர்:
ஆச்சிக்கு வயது என்ன?

காரைக்குடி மாணவி:
88 அக்கா.

தேவகோட்டை டீச்சர்:
அப்போது கைக்குழந்தை. குடிபுகுந்ததை அவர்கள் பார்த்த நினைவாக எழுதாதே. யார் சொல்லிக் கேட்டது என்று திரும்பப் போய்க் கேள். கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதினாலே பேட்டி சான்றாக நிற்கும். அவர்கள் பேசியபடியே எழுது, திருத்தாதே. பேசிய தேதி, ஊர், வயது, பதிவு யாரிடம் இருக்கிறது என்பதையும் குறி.

அச்சில் வேண்டுமென்றால், 1929-30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையைப் பார். அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. லேவாதேவிப் பின்னணிக்கு அது போதும். அப்புறம், ரோஜா முத்தையா சேர்த்த பழைய அச்சுப் புத்தகங்கள் சென்னை தரமணி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த வீட்டுக்குக் கல் எப்போது வந்தது என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதற்கு உன் கையிலிருக்கும் பேரேடுதான் முதல் சான்று. ஆசிரியரிடம் பேரேட்டுப் பக்கத்தின் படத்தையே காட்டிப் பேசு.

கோட்டையூர்க் கணக்கர்:
படம் போடுமுன் ஒன்று. வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால் ஆச்சி மட்டும் சம்மதித்தால் போதாது, மற்றப் புள்ளிகளையும் (பங்குள்ள குடும்பங்களையும்) கேளுங்கள். பேரேட்டில் அடுத்த வீட்டார் வாங்கிய கடனும் இருக்கும். அவர்கள் பேரன் பேத்திகள் இன்றும் அதே தெருவில் இருப்பார்கள்.

காரைக்குடி மாணவி:
நேற்றுப் போய் வந்தேன். “எங்க ஆத்தா சொல்லிக் கேட்டதுதான். என்னை இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் நிலையைத் தாண்டுனாகளாம்” என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன். சென்னையில் இருக்கும் பங்காளியிடமும் போனில் பேசினேன். கல்லுக்குக் கொடுத்த பக்கத்தைப் போடலாம், கடன் பக்கங்கள் வேண்டாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.