மறு: ஈவென்டிங் – ‘நிகழ்வுக் குதிரை’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரையும் ஒரே ஆளும் மூன்று கட்டம் முடிக்க வேண்டிய போட்டி: மணலில் பழக்கிய அசைவுகளைக் காட்டும் டிரெஸ்ஸாஜ், வெளிநிலத்தில் தடை தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரி, கம்பு தாண்டும் ஷோ ஜம்பிங். இவற்றுக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத ஆரம்பித்தால் நீண்டுவிடும் என்று சும்மா இருந்தேன். இன்று காலை வந்த மடலுக்குப் பிறகு இருக்க முடியவில்லை.

> ஈவென்ட் ஹார்ஸ் = நிகழ்வுக் குதிரை. நேரடியாக இருக்கிறது, குழப்பமே இல்லை.

அம்மா, எங்கள் ஓசூர் பக்கம் ‘நிகழ்வுக் குதிரை’ என்று சொல்லிப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு வருமே, நெற்றியில் குஞ்சம் கட்டிய வெள்ளைக் குதிரை, அதற்குத்தான் விலை கேட்பார்கள்.

> மும்முனைப் போட்டி என்றால் என்ன?

தேர்தல் என்று பொருள். ஒரு குதிரைகூட அதில் வராது.

எனக்கு இந்தச் சொல் அவசரமாக வேண்டும். தளி சாலையில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்தில் சிறிய அளவில் ஒருநாள் போட்டி வைக்கிறார்கள். வெளியில் ஒவ்வொரு தடைக்குப் பக்கத்திலும் ஒருவர் நின்று, குதிரை தாண்டியதா, நின்றதா, விலகிப் போனதா என்று குறிக்க வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவர்கள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கத் தாள் ஒன்று எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாடு தெரிந்தவனுக்குக் குதிரையும் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் போன சனிக்கிழமை முழுநாளும் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

காலை ஐந்தே கால். எதிரில் வரும் லாரியின் விளக்கு மட்டும் தெரிகிற பனி. லாயத்தில் ஒரு செவலைப் பெட்டை, ஒன்பது வயது, பந்தயத்தில் ஓடி ஓய்ந்தது. குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை அங்கே ‘சைஸ்’ என்கிறார்கள். அவர் அதன் நான்கு கால்களையும் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். எந்தக் காலாவது சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம். இருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. பிறகு குளம்பைத் தூக்கிக் கொக்கியால் சுரண்டினார். நாங்கள் மாட்டுக்கு இவ்வளவு பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சவாரி செய்கிறவள் கல்லூரிப் பெண். சைஸுக்கு அவள் ‘பாப்பா’, அவளுக்கு அவர் ‘அண்ணா’.

தாண்டல் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. முதல் நாற்பது நிமிடமும் மணல் சதுக்கத்தில்தான். சதுக்கம் என்கிறேனே தவிர, அது 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம். ஓரத்தில் எழுத்துப் பலகைகள், அவையும் அகரவரிசையில் இல்லை. நடை, சிற்றோட்டம், தாவோட்டம் என்று மாற்றி மாற்றி வட்டம், வளைவு, நிற்றல். போட்டியில் ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்களாம்.

இதுதான் டிரெஸ்ஸாஜ். இழையில் ஒருவர் இதற்கு ‘அலங்கார நடை’ என்று எழுதியிருந்தார். உடுப்போடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பழக்குதல், பயிற்றுவித்தல் என்றுதான் பொருள். அலங்காரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தருமபுரி ஐயா ‘ஐங்கதி’ (குதிரையின் ஐவகை நடை) தந்தார். அழகான சொல்தான். ஆனால் இங்கே நடப்பது மூன்று கதி. தாளில் ஐந்து என்று போட்டால், மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கிற பையன் நிச்சயம் ஒருவன் இருப்பான்.

என் பரிந்துரை: வையாளி. குதிரையை ஏறி நடத்திப் பழக்குவதற்கு நம்மிடம் இருந்த பழைய சொல் இது. குதிரை செலுத்தும் தெருவுக்கு வையாளி வீதி என்று பெயர். கோயில் வழக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விழாவில், இராப்பத்தின் வேடுபறி அன்று உற்சவர் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வையாளி கண்டருளுகிறார். வாகனம் தாங்கிகள் முன்னே ஓடி, நின்று, திரும்பும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு டிரெஸ்ஸாஜைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன விஷயம், அதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் நிமிடத்துக்கு இரண்டு தடவை ‘ஹாஃப் ஹால்ட்’ என்று கத்திக்கொண்டிருந்தார். ‘அரைநிறுத்தம்’ என்று எழுதிக்கொண்டேன். ஆனால் குதிரை அரையும் நிற்கவில்லை, காலும் நிற்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். பெண்ணின் முதுகு ஒரு கணம் நிமிர்கிறது. ஈரத்துணியைச் சொட்டாமல் அழுத்திப் பார்ப்பதுபோல் விரல்கள் கடிவாள வாரின் மேல் மூடித் திறக்கின்றன. அவ்வளவுதான். செவலையின் பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் இன்னும் உள்ளே வந்து விழுகின்றன, முன்பக்கம் லேசாகிறது. பக்கத்தில் நின்ற சைஸிடம் இது என்ன என்று கேட்டேன். “தாங்கிப் பிடிக்கிறாங்க சார்” என்றார். இறக்கத்தில் பார வண்டி ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்தாமல், விட்டும் விடாமல் தாங்கிப் பிடிப்பான் அல்லவா, அதேதான். ‘தாங்குபிடி’ என்று அப்போதே திருத்திவிட்டேன். இதற்கு யாரும் மாற்று அனுப்ப வேண்டாம், விட்டுத்தர மாட்டேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண், குதிரை இல்லாமல், வெளியில் நடந்தாள். நானும் கூடவே போனேன். கிடையாகப் போட்ட தைலமரக் கட்டை, வரப்பு மாதிரி ஒரு மேடு, ஒரு வெட்டுப் பள்ளம், முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு தடைகளுக்கு நடுவில் காலடி எண்ணிக்கொண்டே போகிறாள். அவளுக்கு நான்கு எட்டு என்றால் குதிரைக்கு ஒரு தாவல், சுமார் 3.6 மீட்டர். போட்டியன்று சவாரி செய்பவர் இப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் நடந்து பார்த்துக்கொள்ளலாம். குதிரைக்குக் காட்டக் கூடாது. அது ஒவ்வொரு தடையையும் தாண்டப்போகும்போதுதான் முதன்முதலில் பார்க்கிறது. இது எனக்குப் புதிய செய்தி. அன்று மத்தியானச் சாப்பாடு வரை இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கிராஸ் கன்ட்ரி கட்டத்துக்குத்தான் குழுவில் ‘நாடுகடந்த ஓட்டம்’ என்று வந்திருக்கிறது. எந்த நாட்டைக் கடந்தது? கடவுச்சீட்டு வேண்டுமா? எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் கொள்ளுக்காட்டுக்கோ ராகிக்காட்டுக்கோ போகிறான் என்று அர்த்தம், புலி இருக்கிற இடத்துக்கு அல்ல. மேடு, பள்ளம், வரப்பு, ஓடை எல்லாம் அதில் அடங்கும். ‘காட்டோட்டம்’ என்று போடுகிறேன்.

மூன்றாவது ஷோ ஜம்பிங். ‘தடை தாண்டல்’ என்றால் காட்டோட்டத்திலும் தடைதானே. வித்தியாசம், இங்கே கம்பு தட்டினால் விழுந்துவிடும், ஒன்றுக்கு 4 புள்ளி தண்டம். காட்டில் உள்ள கட்டை அசையாது. “அங்க கம்பு விழும், இங்க நாம விழுவோம்” என்றார் சைஸ். ஆகவே ‘கம்பு தாண்டல்’. அன்றைக்கு அது இல்லை, முந்தின நாளே முடித்துவிட்டார்கள். பயிற்சியில் மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் கால் போய்விடும் என்றார் பயிற்சியாளர்.

மாலை நான்கரைக்கு மறுபடி காடு. முதலில் இரண்டு கட்டை, சுலபமாகத் தாண்டியது. வெட்டுப் பள்ளத்துக்கு முன்னால் செவலை நின்றுவிட்டது. முன்னங்கால் இரண்டும் மண்ணில் சறுக்கி, தலை கீழே போய், பெண் கழுத்தைக் கட்டிக்கொண்டு எப்படியோ உட்கார்ந்துவிட்டாள். என் வாயில் ‘சண்டி’ என்று வந்தது. சைஸுக்குக் கோபம். “சண்டி இல்ல சார். பாப்பா முன்னாடியே குனிஞ்சு பள்ளத்தப் பார்த்துட்டுச்சு. அது பார்த்தா இதுவும் பார்க்கும்.” இரண்டாம் முறை அவள் எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தாண்டிவிட்டது.

சர்வதேச விதிப்படி காட்டோட்டத்தில் இப்படி முதல்முறை நின்றால் 20 புள்ளி தண்டம், அதே தடையில் மறுபடி நின்றால் 40, சவாரி செய்பவர் விழுந்தால் போட்டியிலிருந்து நீக்கம். இதற்கு ‘மறுப்பு’ என்று மொழிபெயர்த்தால் குற்றம் முழுக்கக் குதிரை மேல் போய்விடுகிறது. தாளில் ‘நின்றது’ என்றே போடப்போகிறேன். பிள்ளைகள் பார்க்கப்போவதும் அதைத்தான். காரணம் எழுதுவது அவர்கள் வேலை இல்லை.

பிறகு மூச்சுக்காக ஓட்டம்: ஐந்து நிமிடம் நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில், மூன்று நிமிடம் நடை, மறுபடி ஐந்து, இப்படி மூன்று சுற்று. இறங்கியதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பழைய ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப்போயிருந்தேன். இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணினேன். பத்து நிமிடம் கழித்துப் பதினைந்து நொடிக்குப் பதினான்கு, அதாவது 56. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். நன்றாகவே தேறிவிட்டது. ராத்திரி அதற்கு வேகவைத்த கொள்ளு. எனக்கும் வீட்டில் அன்று கொள்ளு ரசம்தான்.

இனி மொத்தப் போட்டிக்குப் பெயர். ஆங்கிலப் பெயரைத் திருப்பிப் போடுவதால் பயன் இல்லை, ஏனென்றால் அதில் ஒரு தகவலும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘முழுமைப் போட்டி’ என்கிறார்கள். ஜெர்மானியர் ‘பன்முகத்திறன்’ என்ற பொருளில் சொல்கிறார்கள், முன்பு ‘மிலிட்டரி’ என்றே அழைத்தார்கள். குதிரைப்படை அதிகாரிகளுக்கு வைத்த சோதனையிலிருந்து வந்த விளையாட்டு என்பதால் அப்படி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இது நுழைந்தபோதும் படைக்காரர்கள்தான் போட்டியிட்டார்கள். நம் ஊருக்கும் அந்த வாடை உண்டு. ஓசூரை ஒட்டிய மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824-ல் தொடங்கப்பட்டதே படைக்குக் குதிரை தருவதற்காகத்தான்.

நான் சொல்வது ‘முக்களம்’. மணல், காடு, கம்பு என மூன்று களம். ஒரே குதிரை, ஒரே ஆள். பக்கத்திலேயே ‘தடகளம்’ நாம் பழகிய சொல்லாக இருக்கிறது. முக்களக் குதிரை, முக்களப் பயிற்சி, முக்கள வீராங்கனை என்று எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. “2018 ஆசிய விளையாட்டில் முக்களத்தில் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்றார்” என்று எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

– ஓசூரிலிருந்து

* * *

அன்புள்ள ஓசூர் நண்பருக்கு,

ஐங்கதியைத் திரும்பப் பெறுகிறேன். முக்களம் நன்று. ஒரே ஒரு ஐயம். பழைய முறையில் காட்டோட்ட நாளில் சாலை நடை, வேகத் தாண்டோட்டம் என்று வேறு பகுதிகளும் இருந்தன என்று படித்திருக்கிறேன். அப்போது களம் ஐந்து, ஆறு என்று ஆகாதா?

இன்னொன்று. ‘சவாரி செய்கிறவள்’ என்று நீட்டி முழக்குகிறீர்களே, தமிழில் அதற்கு ‘ஊர்தல்’ இருக்கிறது. எங்கள் தகடூர் மண்ணுக்கு அந்தச் சொல்லோடு பழைய உறவு. புறநானூறு 158-ல் வள்ளல் எழினியைச் சொல்லும்போது ‘ஊராது ஏந்திய குதிரை’ என்று வரும். எவரும் ஏறி ஊராத குதிரை, அதாவது குதிரைமலை. விடுகதை போல மலைக்குப் பெயர் சொல்லியிருக்கிறார் புலவர். ஊர்பவர் ‘ஊர்நர்’ ஆகட்டுமே.

– தருமபுரி

* * *

ஐயா,

பகுதிகள் இருந்தது உண்மைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கோடு அவை போய்விட்டன. இருந்த காலத்திலும் அவை எல்லாம் சேர்ந்து ஒரே கட்டம்தான், மூன்று கட்டம் என்ற கணக்கு மாறவில்லை. முக்களம் நிற்கும்.

‘ஊர்நர்’ எனக்கே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதை ‘ஊர்க்காரர்’ என்றுதான் படிப்பார்கள். தடைக்குப் பக்கத்தில் நின்று “ஊர்நர் விழுந்தார்” என்று எழுதச் சொன்னால், வேடிக்கை பார்க்க வந்தவர் பள்ளத்தில் விழுந்ததையும் எழுதிவைப்பார்கள். கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம், தாளுக்கு வேண்டாம்.

இப்போது என் தலையில் விழுந்த கல்லைச் சொல்கிறேன். நேற்று வரைவை எடுத்துப்போய் சைஸிடம் படித்துக்காட்டினேன். காட்டோட்டம், கம்பு தாண்டல், தாங்குபிடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ‘வையாளி’ வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் வீட்டில் தெலுங்கு. அங்கே ‘வாஹ்யாளி’ என்றால் சாயங்காலம் காற்று வாங்கிக்கொண்டு உலாத்திவிட்டு வருவது. “பாப்பா காலையில நாப்பது நிமிஷம் வேர்த்து ஊத்துதே, அது வாஹ்யாளியா சார்? இதோ, இதுதான் வாஹ்யாளி” என்று கையில் இருந்த கயிற்றைக் காட்டினார். வேலை முடிந்த செவலையை மூச்சு ஆற, சேணம் இல்லாமல், வேலியோரமாக மெல்ல நடத்திக்கொண்டிருந்தார்.

இரண்டும் ஒரே வேரில் வந்த சொற்களாகத்தான் இருக்க வேண்டும். இங்கே பாதிப்பேர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுகிறார்கள். ஸ்ரீரங்கத்தைக் காட்டி அவர்களோடு வாதாட என்னால் முடியாது. தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. புதன் இரவுக்குள் யாராவது ஒரு சொல் அனுப்பினால் போடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஓரிடத்தில் ‘டிரெஸ்ஸாஜ்’ என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

– ஓசூரிலிருந்து