அப்பலாச்சியன் மலைப்பாறைகளில் கிலுகிலுப்பை விரியன்: நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பதிவு: நியூஜெர்சி

கிட்டாடின்னி மலைமுகட்டில் நான் நடக்கத் தொடங்கிப் 11 ஆண்டுகள் ஆகின்றன. கிழக்கு அமெரிக்க மலைகளின் ஊடே செல்லும் அப்பலாச்சியன் நடைபாதை டெலவேர் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக்குள் வந்ததும் இந்த முகட்டின் மேல்தான் வெகுதூரம் செல்கிறது. சென்ற ஆகஸ்ட் மாதம் ஒரு காலைப்பொழுதில், கொண்டுபோன சிற்றுண்டியைப் பிரிப்பதற்காகத் தெற்கு நோக்கிய ஒரு பாறைத்திட்டில் உட்காரப் போனேன். ஆறேழு அடி தொலைவில், பாறை விளிம்பில், மூன்று பாம்புகள் ஒன்றையொன்று தொட்டபடி சுருண்டு கிடந்தன. இரண்டு மஞ்சள் உடலில் கறுப்புப் பட்டை கொண்டவை; மூன்றாவது ஏறக்குறைய முழுக் கறுப்பு. மூன்றின் வால்களும் மையில் தோய்த்தாற்போல் கறுத்து, நுனியில் கிலுகிலுப்பையோடு இருந்தன. ஒன்றுகூட ஒலி எழுப்பவில்லை. நான் மெல்லப் பின்வாங்கி, மரநிழலில் நின்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே டிம்பர் ராட்டில்ஸ்நேக் என்று அழைக்கப்படும் இந்தக் குழிவிரியனுக்கு லின்னேயஸ் 1758இல் குரோட்டலஸ் ஹாரிடஸ் என்று பெயரிட்டார். நியூஜெர்சியில் இது 1979 முதல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாகப் பாதுகாக்கப்படுகிறது. நான் எடுத்த படத்தை வனவிலங்குத் துறையின் உயிரியலாளர் ஒருவருக்கு அனுப்பியபோது, மூன்றுமே சூல் கொண்ட பெண்கள் என்று அவர் பதில் எழுதினார். நிறத்துக்கும் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் தொடர்பில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இந்த இனம் முட்டையிடுவதில்லை, குட்டிதான் ஈனும். முந்தைய கோடையின் இறுதியில் இணைசேர்ந்த பெண், விந்தணுக்களைக் குளிர்காலம் முழுவதும் உடலுக்குள் காத்துவைத்து, வசந்தத்தில்தான் கருத்தரிக்கிறது. பிறகு வெயில் நன்றாக விழும் பாறையைத் தேடி வந்து, வயிற்றிலுள்ள குட்டிகளுக்குத் தேவையான வெப்பத்தைக் கொடுப்பதற்காகக் கோடை முழுவதும் பெரும்பாலும் இரையே எடுக்காமல் அங்கேயே கிடக்கிறது. வடக்கத்திய மலைகளில் ஒரு பெண் முதன்முறை ஈனுவதற்கு ஒன்பது பத்து வயதுகூட ஆகலாம். அடுத்த ஈற்றுக்குப் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்படியானால் நான் உட்காரப் போன பாறை ஒரு பேறுகால அறை. அதை அறிந்த நாளிலிருந்து அந்தத் திட்டின் மீது நான் காலடி வைத்ததில்லை.

இந்த மலைத்தொடரில் இவ்வினத்தைக் கண்ட உறுப்பினர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாறைகளும் வளைகளும் எங்கே உள்ளன என்பதைத் தயவுசெய்து குறிப்பிட வேண்டாம். ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பி வரும் உயிர்கள் இவை. இடம் தெரிந்தால் பிடித்து விற்பவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படாது.

இரண்டாம் பதிவு: பென்சில்வேனியா

சகோதரிக்கு வணக்கம். நான் கண்டது தனியான ஓர் ஆண் பாம்பு. ஜூலை மாதத்தில், ஓக் மரங்கள் அடர்ந்த சரிவில், விழுந்து கிடந்த ஒரு மரத்தைத் தாண்டக் காலைத் தூக்கியவன், மரத்தின் மறுபக்கம் சருகுக்குள் ஏதோ சீரான வடிவம் தெரிந்ததால் அப்படியே நின்றுவிட்டேன். உடல் சருகோடு சருகாகச் சுருண்டிருக்க, தலையை மட்டும் மரத்தின் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தது. என்னைக் கண்டும் அது அசையவில்லை, வாலையும் ஆட்டவில்லை. கிலுகிலுப்பை முதலில் எச்சரிக்கும் என்று நம்பிக்கொண்டு நடப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: இந்தப் பாம்பு முதலில் நம்புவது தன் நிறத்தைத்தான். மறைந்திருப்பது பலிக்காது என்று தோன்றும்போதுதான் ஒலி எழுப்பும். ஆகவே விழுந்த மரத்தைத் தாண்டுமுன் அதன் மேல் ஏறி நின்று மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குவதே முறை.

தலையை ஏன் அப்படிச் சாய்த்து வைத்திருந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். சுண்டெலிகளும் சிப்மங்க் எனப்படும் சிறு அணில்களும் காட்டுத்தரையில் ஓடும்போது, சருகில் சலசலப்பு எழாதபடி விழுந்த மரங்களின் மேல்தான் ஓடுகின்றன. ஓடும் கால்களின் அதிர்வு மரத்தின் வழியே பாம்பின் தாடைக்கு எட்டுமாறு அது காத்திருக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. இந்தக் காத்திருப்பை ரெய்னர்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் விவரித்திருக்கிறார்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவிலுள்ள குழி, நெருங்கிவரும் இரையின் உடல்வெப்பத்தை உணர்கிறது. கடித்ததும் இரையை விட்டுவிட்டு, பிறகு அதன் வாசனையைத் தொடர்ந்து சென்று விழுங்குகிறது.

கிலுகிலுப்பையின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்பதும் தவறு. சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளையம் சேரும். ஓராண்டில் ஒருமுறைக்கு மேலும் உரிக்கும். நுனி வளையங்கள் அவ்வப்போது உடைந்தும் விழும்.

எங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்று ஆண்டுக்கு ஒரு பாம்பைப் பிடிக்கச் சட்டம் இன்னும் இடமளிக்கிறது. அதுவும் 42 அங்குலத்துக்குக் குறையாத ஆணாக இருக்க வேண்டும் என்பது விதி. பெண்களை விலக்கியதன் காரணம் சகோதரியின் பதிவிலேயே இருக்கிறது.

மூன்றாம் பதிவு: வர்ஜீனியா

நான் எழுதப்போவது மகிழ்ச்சியான நிகழ்வு அன்று. ஷெனண்டோவா மலைப்பகுதியில் பாதையோரம் கிடந்த ஒரு பாம்பை, எங்களுக்கு முன்னால் சென்ற ஒருவர் கைத்தடியால் அடித்துக் கொன்றுவிட்டார். அது பாதையை விட்டு விலகிப் போய்க்கொண்டுதான் இருந்தது. குழந்தைகள் வருகிறார்கள் என்பதற்காகவே அடித்ததாக அவர் சொன்னார். என் மகளும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தி என்பதால் அவர் அச்சத்தை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால் உடல் பருத்த அந்தப் பாம்பு ஆகஸ்டில் இறந்தது. அதன் வயிற்றில் என்ன இருந்தது என்பதை இந்த இழையின் முதல் பதிவைப் படித்த பிறகே நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் பாம்பின் கடி உயிருக்கு ஆபத்தானது. கடிபட்டவரை உடனே நஞ்சுமுறி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதில் ஐயமில்லை. அன்று நாங்கள் பத்தடி பின்னால் நின்றிருந்தாலே போதுமாயிருந்தது.

நான்காம் பதிவு: நியூயார்க்

லேக் ஜார்ஜ் ஏரியைச் சுற்றியுள்ள அடிரான்டாக் மலைகள் இந்த இனம் வாழும் வடகோடிகளில் ஒன்று. (அடிரான்டாக் அப்பலாச்சியன் தொடரில் சேர்ந்ததன்று என்று நிலவியலாளர்கள் சொல்வார்கள், பாம்புகளின் வாழ்க்கை ஒன்றுதான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.) கணக்கெடுப்புக்குத் துணையாகச் சென்ற ஓர் அக்டோபர் தொடக்கத்தில், பாறை வெடிப்பு ஒன்றுக்குள் பாம்புகள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கண்டேன். உறைபனி எட்டாத ஆழத்தில் அவை கூட்டமாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பிறந்து சில வாரங்களே ஆன குட்டிகளும், பெரியவர்கள் விட்டுச்சென்ற வாசனைத் தடத்தைப் பற்றிக்கொண்டு அந்த வளைக்கு வந்து சேர்கின்றன. அதே பிளவில் செம்புத்தலை விரியன்களும் நஞ்சற்ற கறுப்புச் சாரை இனமும் ஒதுங்குவதுண்டு. கறுப்புச் சாரைதான் விரியன்களுக்கு வழிகாட்டுகிறது என்று பழைய மக்கள் நம்பி, அதற்கு வழிகாட்டிப் பாம்பு என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தக் கூட்டவாழ்வே இவற்றுக்குப் பகையாகவும் முடிந்தது. நியூயார்க்கில் பாம்பைக் கொன்றவருக்குப் பரிசுப்பணம் கொடுக்கும் வழக்கம் 1971 வரை இருந்தது. வளை தெரிந்த ஒருவர் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வாயிலில் நின்றாலே ஒரு மலையின் பாம்புகள் அனைத்தையும் தீர்த்துவிடலாம். மெய்ன், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் இன்று இந்த இனம் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் எஞ்சிய ஒரே கூட்டம், மழை மிகுந்த 2006ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முகத்தில் புண்ணாகும் பூஞ்சை நோயும், வெளிக்கூட்டங்களோடு கலப்பில்லாமையும் சேர்ந்து அதை நலிவித்தன.

இன்னொரு செய்தியையும் சொல்ல ஆசைப்படுகிறேன். ரூலன் கிளார்க் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்ததும் பிரித்துத் தனித்தனியே வளர்க்கப்பட்ட பெண் பாம்புகளில், ஒரே தாயின் பிள்ளைகள் மற்றவற்றைவிட நெருக்கமாகச் சேர்ந்து படுத்ததாகக் கண்டார். முதல் பதிவிலுள்ள மூன்று பாம்புகளும் உடன்பிறந்தவையோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

முதல் பதிவர் மீண்டும்

அனைவருக்கும் நன்றி. வர்ஜீனியாச் சகோதரர் எழுதியதைப் படித்தபின் சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை.

செப்டம்பர் இடையில் நான் மறுபடியும் சென்றேன். திட்டுக்குப் போகாமல், தொலைநோக்கியோடு கீழ்ச்சரிவிலேயே நின்றேன். கறுப்புத் தாய் மட்டும் அங்கே இருந்தது. ஆகஸ்டில் பருத்திருந்த உடலில் இப்போது பக்கவாட்டுத் தோல் மடிப்பு விழுந்து தொங்கியது. அதன் மேலும் அருகிலும் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மிகுந்த ஐந்து குட்டிகள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பாறையிடுக்கில் இன்னும் இருந்திருக்கலாம். குட்டிகள் முதல் சட்டையை உரிக்கும்வரை, ஒரு வாரம் பத்து நாள், தாய் அருகிலேயே இருக்கும் என்று உயிரியலாளர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் போனபோது பாறையில் ஒரு பாம்பும் இல்லை. வெங்காயத்தோல் போன்ற சிறிய சட்டைகள் மட்டும் பாறையிடுக்குப் புல்லில் சிக்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.