புதுப்பிப்பு: கோவளத்துத் தட்டை நண்டு

கோவளம் கடற்கரைப் பாறையிடுக்கில் எடுத்த, கட்டைவிரல் நக அளவே உள்ள தட்டையான உயிரியை, ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து மெய்நண்டு என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன், அது தவறு. நேற்று காட்பாடியில், வீட்டு மேசையில் வைத்துக் கைலென்சால் மறுபடி எண்ணியபோது, இடுக்கிகள் நீங்கலாக 3 இணைக் கால்களே வெளியே தெரிந்தன. நான்காவது இணை நூல்போல் மெலிந்து ஓட்டின் பின்விளிம்பில் மடங்கிக் கிடந்தது. நீண்ட உணர்கொம்புகளும் கண்களுக்கு வெளிப்புறத்திலிருந்தே கிளம்புகின்றன. கரையோர மெய்நண்டுகளுக்குப் பொதுவாக 4 இணை நடைகால்கள் தெளிவாகத் தெரியும், உணர்கொம்புகளும் குட்டையானவை. ஆகவே இது பீங்கான் நண்டு. தோற்றத்தில் நண்டு போலிருந்தாலும், மெய்நண்டுகளைவிடச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கே இது நெருங்கிய உறவு. கையில் எடுத்ததுமே ஒரு கால் கழன்று விழுந்ததை, இக்குடும்பத்தின் இயல்பு என்று நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.