மஞ்சக்குப்பம் வீடு (குடும்பம் மட்டும்)

குமார்: பீரோவுல அப்பாவோட உயில் கிடைச்சிருக்கு. 2011ல எழுதினது. வெள்ளைப் பேப்பர், அவர் கையெழுத்துலயே. ரெஜிஸ்டர் பண்ணல.

செல்வி: யாரு எடுத்தா

குமார்: கீதா. எல்ஐசி பாண்டு தேடறப்ப.

செல்வி: ம்

பாபு: ஸ்டாம்ப் பேப்பர் இல்லாம செல்லுமா மாமா?

ராமு மாமா: செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்ல, பதிவும் கட்டாயம் இல்ல. ரெண்டு சாட்சி இருக்கணும். நாளைக்குத் தகராறுன்னு வந்தா, அதுல ஒருத்தராவது கோர்ட்டுல ஏறி "எங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாரு"ன்னு சொல்லணும். ரெண்டு பேரும் இல்லாமப் போனா கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி அலையணும். சாட்சி யாரு?

குமார்: ஒருத்தர் நம்ம கணக்கு வாத்தியார். அவரும் போயிட்டாரு. இன்னொருத்தர் பண்ருட்டி பலா மண்டிக்காரர்.

சித்தப்பா: அவரு இருக்காரா இன்னும்? தானே புயல்ல தோப்பு போனப்ப பாத்தது

கீதா: இருக்கார். மருமகதான் போன் எடுத்தா. காது கேக்கல, ஆளு தெளிவு.

ராமு மாமா: ஞாயித்துக்கிழமையே போய்ப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க.

சித்தப்பா: பதினாறுக்கு எத்தனை இலை? சமையல்காரர் கேக்குறாரு

குமார்: 120

சித்தப்பா: 150 சொல்லிட்டேன். வில்லியனூர் ஆளுங்க வேன்ல வராங்க

பாபு: பெரம்பூர் ஃபிளாட்டுக்கு புரொபேட், அதான் உயில் செல்லும்னு கோர்ட் கொடுக்கற சான்று, அது இல்லாம முடியாதுன்னு ஃப்ரெண்டு சொல்றான்

ராமு மாமா: பழைய கதை. சென்னை, பம்பாய், கல்கத்தா ஊருக்குள்ள சொத்து இருந்தா புரொபேட் கட்டாயம்னு 1925 வாரிசுரிமைச் சட்டத்துல 213வது பிரிவு இருந்தது. 2025 டிசம்பர்ல அதை எடுத்துட்டாங்க. கடலூர் வீட்டுக்கு அப்பவும் கட்டாயம் இல்ல. ஆனா வேணும்னா இப்பவும் வாங்கலாம். விக்கறப்ப பார்ட்டியோட வக்கீல் கேட்டாலும் கேப்பான். உயிலை நிறைவேத்த யார் பேரைப் போட்டிருக்காரு? அவர்தான் புரொபேட்டுக்கு மனு போட முடியும்.

குமார்: உங்க பேருதான் மாமா

பாபு: 😄

ராமு மாமா: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மச்சான்

செல்வி: எனக்கு என்ன எழுதியிருக்கு

குமார்: வீடு எனக்கு, அம்மா இருக்கற வரைக்கும் அம்மா அனுபவிக்கணும். ஃபிளாட் பாபுவுக்கு. பேங்க் டெபாசிட் உனக்கு. ஆனா டெபாசிட்டுக்கு நாமினி நான்.

சித்தப்பா: அதான் கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டாச்சே

செல்வி: இன்னும் எத்தனை வருஷம் அந்த 40ஐயே சொல்வீங்க சித்தப்பா? அதுல 12 எதுக்கு அடகுக்குப் போச்சுன்னு அண்ணனைக் கேளுங்க

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராமு மாமா: நாமினின்னா பேங்க்ல பணத்தை வாங்கிக்கற ஆளு, அவ்வளவுதான். பணம் அவனுக்குச் சொந்தமாகாது. உயில்ல செல்வி பேரு இருந்தா குமார் வாங்கி அவகிட்ட கொடுக்கணும். உயிலே இல்லேன்னாலும் 1956 சட்டப்படி அக்காவுக்கும் உங்க மூணு பேருக்கும் சமபங்கு, பொண்ணுன்னு குறையாது. தாலுகா ஆபீஸ்ல வாரிசு சர்டிபிகேட்டுக்கும் எழுதிப் போடு குமார், பட்டா மாத்தக் கேப்பாங்க.

பாபு: மாமா, நீங்க உயில் எழுதியாச்சா?

ராமு மாமா: டைப்பிங்ல இருக்கு

சித்தப்பா: போன ஆடியிலயும் இதையேதான் சொன்னாரு

செல்வி: அண்ணே, உயிலை முழுசா போட்டோ எடுத்துப் போடு. டெபாசிட் ரசீதும்.

குமார்: ஜெராக்ஸ் கடை மூடிட்டான்

செல்வி: போன்லதானே எடுக்கச் சொன்னேன்

கீதா: ரசீது என்கிட்ட பத்திரமா இருக்கு. காரியம் முடியட்டுமே.

செல்வி: காரியத்தன்னைக்கு எடுத்து வைங்க அண்ணி. மாமாவும் இருப்பாரு.

சித்தப்பா: வடை வேணுமா வேண்டாமா, யாராவது சொல்லுங்கப்பா