பார்டர் கோலி குட்டி எடுக்கலாமா? வீட்டில் வயதான நாய், இரண்டு பூனை, ஆறு கோழி

கோவைக்காரி:
வணக்கம். சரவணம்பட்டி தாண்டி ஐந்து சென்ட்டில் தனி வீடு எங்களுக்கு. மணி என்று ஒரு நாட்டு நாய், தெருவில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி வந்து வளர்த்தோம், இப்போது ஒன்பது வயது முடிந்து பின்னங்கால் மூட்டு வலியில் எழுந்திருக்கும்போதே முனகுகிறான். பூனை இரண்டு. பெட்டை யாரையும் கண்டுகொள்ளாது, கடுவன் குக்கர் விசில் அடித்தாலே பீரோ மேல் ஏறிவிடுவான். கொல்லையில் ஆறு கோழிகள்.

மகளுக்குப் பத்து வயது, பார்டர் கோலிதான் வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறாள், எனக்கும் ஆசைதான். ஆடு மேய்க்கிற நாய்தானே, மற்ற பிராணிகளோடு தானாகவே ஒத்துப்போகும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். உண்மையா? சின்ன மேய்ப்பு நாயான ஷெல்டியோ, ஜெர்மன் ஷெப்பர்டோ இதைவிடத் தேவலையா? பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் மாமியார் மட்டும்தான் வீட்டில். ஒருவர் 40 நாள் குட்டி தயாராக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கள் என்கிறார்.

மலைக்காற்று:
அக்கா, கோத்தகிரியில் நான்கு வருடமாக ஒரு பார்டர் கோலி வைத்திருக்கிறேன், கூடவே மூன்று பூனைகள். அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மேய்ப்பு நாய் ஆட்டை மேய்ப்பது பாசத்தால் அல்ல. ஓநாய் இரையைப் பிடிக்கிற வழிதான் அது: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடைசியில் கவ்விக் கொல்வது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அந்தக் கடைசிப் பகுதியை மழுக்கி, முதல் பகுதியைக் கூர்மையாக்கி வைத்திருக்கிறார்கள். பார்டர் கோலியிடம் அந்தப் பார்வை மற்ற எந்த நாயையும்விடக் கூடுதல். என் நாய் ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது கூடத்தில் தாடையைத் தரையில் ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஒரு முன்னங்காலை மட்டும் லேசாகத் தூக்கி, பூனையை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குரைக்காது, உறுமாது. நாங்கள் அதை நட்பு என்று நினைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். ஆனால் அந்தப் பூனை தண்ணீர் குடிக்கக் கீழே இறங்குவதையே நிறுத்தியிருந்தது. ஒரு நாள் மணல் தட்டில் முக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது, ஒரு சொட்டுகூட வரவில்லை. மூத்திரம் அடைத்துக்கொண்டது. அன்றிரவே மருத்துவரிடம் ஓடியதால் பிழைத்தது. கடுவன்களுக்கு இது உயிருக்கே ஆபத்து, பயமும் மன அழுத்தமும் இதற்கு ஒரு காரணம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம். உங்கள் பீரோ கடுவனைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது எல்லாம் சரி. ஆனால் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே கயிற்றில் வைத்திருந்தோம். பூனையை முறைக்க ஆரம்பித்த நொடியே பேர் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் ஒரு துண்டு கோழி ஈரல். முறைப்பு துரத்தலாக மாறிய பிறகு கூப்பிட்டால் காதில் விழவே விழாது. சுவரில் உயரத்தில் பலகை அடித்து, ஒரு அறையைப் பூனைகளுக்கென்றே ஒதுக்கினோம். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் ஓட்டம், அதற்கு மேல் மூளைக்கும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். வேலை இல்லாவிட்டால் அதுவே வேலையைத் தேடிக்கொள்ளும், உங்கள் வீட்டில் அந்த வேலை கோழிகள்தான்.

பட்டிக்காரர்:
நான் காங்கேயம் பக்கம், ஆடு வைத்திருக்கிறோம். எங்கள் பட்டி நாயையும் இந்த வெளிநாட்டு மேய்ப்பு நாயையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். பட்டி நாயின் வேலை காவல். ஆட்டோடு ஆடாகப் படுத்துக் கிடக்கும், குட்டி மேலே ஏறி மிதித்தாலும் அசையாது, நரியோ வேற்று நாயோ வந்தால்தான் எழும். பார்டர் கோலிக்கு ஆடு அசைந்தாலே உடம்பு முறுக்கேறும். குணமே நேரெதிர். நம்ம மணி கோழிகளுக்கு நடுவில் தூங்குகிறான் என்றால் புதுசும் அப்படி இருக்கும் என்று எண்ண வேண்டாம்மா.

கோழி விஷயத்தில் ஒன்றே ஒன்று. பழக்கிவிட்டோம் என்று நம்பித் திறந்து விடாதீர்கள். கம்பி வலை போட்டு, அடியில் ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். நாய் கடிக்காவிட்டாலும், நாள் முழுக்க வலையைச் சுற்றி ஓடினால் கோழி முட்டையை நிறுத்திவிடும். மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறிச் செத்ததும் பார்த்திருக்கிறேன்.

ஊசிமருந்து:
கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். முதலில் அந்த 40 நாள் குட்டியை விடுங்கள். 2017 நாய் வளர்ப்பு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். தாயிடமிருந்தும் கூடப்பிறந்தவையிடமிருந்தும் சீக்கிரம் பிரித்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கவ்வலாம் என்ற அளவு தெரியாது. உங்கள் வீட்டில் பூனையும் நடக்க முடியாத மணியும் இருக்கும்போது அந்த அளவு ரொம்ப முக்கியம்.

தாயை நேரில் பார்க்காமல் எடுக்காதீர்கள். சாம்பல் நீலத்தில் திட்டுத் திட்டாக வரும் மெர்ல் நிறம் கேட்டு நிறைய பேர் வருகிறார்கள், தாய் தந்தை இரண்டுமே மெர்ல் என்றால் குட்டிகளில் செவிடும் குருடும் வரும். இன்னொன்று, கோலி, ஷெல்டி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வகைகளில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறு உண்டு. சொறிக்குப் போடும் அளவில் ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கொடுத்தால் மூளையைத் தாக்கும், உயிரே போகலாம். பார்டர் கோலியில் இது குறைவுதான், ஆனாலும் உண்ணிக்கு எடுத்ததும் ஐவர்மெக்டின் ஊசி போடும் பழக்கம் நம் ஊரில் இருப்பதால், எந்த இனம் என்பதை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கன்னத்துக்குள் பஞ்சால் தடவி எடுத்துப் பரிசோதிக்கலாம்.

ஷெல்டி பத்து கிலோ சுற்றித்தான் வரும், பூனைக்கு அவ்வளவு பயம் காட்டாது, ஆனால் குரைத்துத் தள்ளிவிடும். ஜெர்மன் ஷெப்பர்ட் வயலோரம் வேலி மாதிரி நடந்து மந்தையைக் காக்க வளர்த்த இனம், முறைப்பு குறைவு. ஆனால் முப்பது கிலோ குட்டி விளையாட்டாக மோதினாலும் மணியின் மூட்டு தாங்காது. என்னைக் கேட்டால், பூனையோடு வளர்ந்த இரண்டு மூன்று வயது நாயைத் தத்தெடுப்பது நல்லது. பத்து மாதத்தில் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து விடும் பார்டர் கோலிகளை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கோவைக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த 40 நாள் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகளிடம் முறைப்பு பற்றிப் படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்போ கடுவன் எங்கே தண்ணீர் குடிப்பான் என்று கேட்டாள். இந்த வாரம் அவனுக்கு மேலே பலகை அடிக்கிறோம், பீரோ மேலேயே ஒரு கிண்ணமும் வைத்தாயிற்று. ஈரோட்டில் ஒரு குடும்பம் வெளிநாடு போவதால் பூனையோடு வளர்ந்த மூன்று வயது ஷெல்டிக்கு வீடு தேடுகிறார்களாம். மணியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா, இல்லை முதலில் நாங்கள் மட்டும் போகவா?

மலைக்காற்று:
முதலில் நீங்கள் மட்டும் போங்கள் அக்கா. அங்கே அந்தப் பூனை நாய்க்கு முன்னால் வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதா, சுவரோரம் ஒட்டிக்கொண்டு போகிறதா என்று கவனியுங்கள். அதற்கடுத்து மணியை வீட்டுக்கு வெளியே, தெரியாத ஒரு மைதானத்தில், இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு தள்ளித் தள்ளி நடக்க விடுங்கள். நெருங்க வேண்டுமா என்பதை மணியிடம் விட்டுவிடுங்கள்.